பின்கட்டு வாசம்

செங்குன்றத்துக் கிடங்குகளில் ஏலம் நடக்கிற நாளில் சுகிர்தா பவுடர் போடுவதில்லை. தலைக்குப் பூ இல்லை, காலையில் காபி இல்லை. வெறும் இட்லியைச் சர்க்கரை தொட்டுத் தின்றுவிட்டு, கூட்டாளி மஸ்தானின் வேனில் முன் சீட்டில் வந்து உட்கார்ந்துவிடுவாள். மூக்கைப் பட்டினி போட்டால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும் என்பது அவள் கட்சி. மற்ற ஏலக்காரர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு அடுத்த ஏலத்துக்கு அவர்களும் பவுடர் போடாமல் வருவார்கள்.

அந்த மூக்கைப் பற்றி ஓட்டேரியில் தெரியாதவர் கிடையாது. எந்த வீட்டில் மாமியாரும் மருமகளும் தனித்தனியாகத் தாளிக்கிறார்கள், யார் மகன் மொட்டை மாடியில் சிகரெட் பிடிக்கிறான், எந்த வீட்டில் வெள்ளிக்கிழமையன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு முட்டை பொரிக்கிறார்கள் என்பதெல்லாம் அதற்கு எட்டாமல் இருந்ததில்லை. மூக்குக்கு எட்டியது வாய்க்கு வர அதிக நேரம் பிடித்ததும் இல்லை. வம்பையே தொழிலாக்கிக்கொண்டு பிழைக்கும் கொடுப்பினை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. சுகிர்தாவுக்கு ஐம்பது வயதுக்கு மேல் வாய்த்தது.

கிடங்கு என்றால் இரும்பு ஷட்டர் போட்ட சின்னச் சின்னக் குளிர் அறைகள். வீட்டைக் காலி செய்துவிட்டு மகன் வீட்டுக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர்கள், தூக்கிப் போட மனசு வராத சாமான்களை அங்கே மாத வாடகைக்குப் போட்டு வைப்பார்கள். முதல் வருஷம் ஒருமுறை வந்து பார்ப்பார்கள். அப்புறம் வாடகை மட்டும் வரும். அப்புறம் அதுவும் நின்றுபோகும். கிடங்குக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிக் காத்திருந்துவிட்டு, பூட்டை அறுத்து ஏலம் விடுவார்கள். போட்டோவும் பத்திரமும் சாமி படமும் உரியவருக்கென்று தனியே எடுத்து வைக்கப்படும்; மிச்சமெல்லாம் ஏலம் எடுத்தவருக்கு. ஒரு காலத்தில் பிரிட்ஜுக்கும் தேக்குக் கட்டிலுக்கும் அங்கே அடிதடியே நடந்திருக்கிறது. இப்போது கட்டிலை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. எல்லோர் கண்ணும் சம்படத்தின் மேல்தான்.

சம்படம் என்பது ஜனங்கள் வைத்த பெயர். கம்பெனிக்காரன் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. பார்க்க மூடிபோட்ட எவர்சில்வர் டப்பா மாதிரி இருக்கும். நகரத்தின் பழைய சுண்ணாம்பு வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டிக்கொண்டிருந்த வருஷங்களில் அது வந்தது. இஸ்திரிப் பெட்டி போன்ற ஒரு கருவியைச் சூடாக்கி, வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் சுவர் சுவராக ஒற்றியெடுத்துக்கொண்டே போவார்கள். சுவர் வருஷக்கணக்காகக் குடித்து வைத்திருக்கும் வாசனையெல்லாம் சம்படத்துக்குள் இருக்கும் பிசின்மேல் அடுக்கடுக்காக ஏறிக்கொள்ளும். பின்னால் சம்படத்தை லேசாகச் சூடுகாட்டித் திறந்தால், வீட்டுக்குள் நடந்துபோவது மாதிரி முதலில் வாசல், அப்புறம் கூடம், அப்புறம் சமையல்கட்டு என்று வரிசையாக வரும். 'நீங்கள் வாசம் செய்த வீட்டின் வாசம்' என்று விளம்பரம் போட்டார்கள். அதைப் படித்தே பாதிப் பேர் அழுதார்கள். ஆனால் ஊறுகாய் மாதிரி, தொடத் தொடக் குறையும் சரக்கு. ஆகவே திறக்காமல் குளிரில் வைத்தார்கள். திறக்காமலே மறந்தார்கள்.

சரி, அடுத்தவர் வீட்டு வாசனையை யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. முன்பெல்லாம் வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் பெயரைக் கேட்டார்கள், சொந்த ஊரைக் கேட்டார்கள், 'சாப்பாடெல்லாம் எப்படி' என்று இழுத்தார்கள். இப்போது நாகரிகம் வளர்ந்துவிட்டது, எதுவும் கேட்பதில்லை. அபார்ட்மென்ட் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் உங்கள் இப்போதைய வீட்டுக்கு வருவார்கள். சிரிப்பார்கள், தண்ணீர் வாங்கிக் குடிப்பார்கள், சட்டைப் பையில் இருக்கும் வாசனை மீட்டர் பாட்டுக்கு மோந்துகொண்டிருக்கும். கருவாடு, கறி, மீன் என்று மீட்டர் சொன்னால், அந்த பிளாட் திடீரென்று வேறு யாருக்கோ ஏற்கெனவே பேசி முடித்த பிளாட் ஆகிவிடும்.

அதனால் நல்ல சைவச் சம்படம் ஒன்றை ஒரு வாரம் வீட்டில் ஓடவிட்டால் போதும், யாரும் யாராகவும் ஆகிவிடலாம். சுகிர்தாவின் வியாபாரமே அதுதான்.

அன்றைக்கு ஷட்டரைத் தூக்கியபோது உள்ளே ஒரு ஈஸி சேர், இரண்டு பித்தளை அண்டா, ஒரு சம்படம். கிடங்கு மேனேஜர் மூடியை நகத்தளவு திறந்தார்.

"ஆளுக்கு ஒரு மூச்சு. ரெண்டாவது மூச்சு இழுத்தா ஆட்டத்துல கிடையாது."

கோதண்டம் முதலில் மோந்தான். சுகிர்தாவுக்கு அவன் பரம எதிரி. மதியச் சாப்பாடு மட்டும் சேர்ந்து சாப்பிடுவார்கள். "ஊதுபத்தி வருது. ஊதுபத்தி ஏத்தறவன் எல்லாம் சைவமா?" என்று உதட்டைப் பிதுக்கினான்.

சுகிர்தா கண்ணை மூடி ஒரு மூச்சு இழுத்தாள். சாமி கும்பிடுகிறவள் மாதிரி அப்படியே நின்றாள்.

"அது ஊதுபத்தி இல்லப்பா, சாம்பிராணி. சந்தனம் அரைக்கிற கல்லு ஒண்ணு இருக்கு. கட்டிப் பெருங்காயம், தூள் கிடையாது. வெங்காயம்கூட ஒதுங்கித்தான் நிக்குது. அந்தக் காலத்துப் பெரிய மனுஷன் வீடு. பெரியவருக்கு முட்டிவலி, தைலம் தேய்ச்சிக்கினு ஈஸி சேர்லயே கிடந்திருக்காரு."

"ஈஸி சேர்கூடவா வாசனை வருது?"

"கேன்வாஸ் துணி வேர்வையைக் குடிச்சா ஒரு வாசனை வரும். உங்க வீட்டுல ஈஸி சேர் ஏது, உனக்கெங்க தெரியப்போவுது."

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்காகவே கோதண்டம் வீம்புக்கு விலையை ஏற்றினான். சுகிர்தாவும் விடவில்லை. சம்படம் அவள் கைக்கு வந்தபோது, நினைத்து வந்ததைவிடக் கூடுதலாகக் கொடுத்திருந்தாள். ஆனாலும் வேனில் ஏறியதும் வெண்ணிலாவுக்குப் போன் போட்டாள்.

"கிடைச்சிடுச்சும்மா. சுத்த சைவம். சனிக்கிழமை வந்து வாங்கிக்கோ."

வெண்ணிலா நர்ஸ். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் ஒரு பிளாட் காலியாக இருக்கிறது. கிடைத்தால் மூன்று வயதுக் குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போகும் பிழைப்பு முடிந்துவிடும். ஏற்கெனவே மூன்று இடத்தில் இல்லை என்றாகிவிட்டது. கடைசி இடத்துக் கமிட்டிக்காரர், "வீட்டைக் கண்ணாடி மாதிரி வெச்சிருக்கீங்கம்மா" என்று பாராட்டிவிட்டுத்தான் போனாராம். இந்தக் கமிட்டி அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

முதல் நாள் சம்படம் கேட்டு வந்தபோது அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "எங்க வீட்டு வாசனைக்கு என்னக்கா குறைச்சல்?"

"குறைச்சல் எல்லாம் ஒண்ணுமில்லம்மா. ஜாஸ்தி. அதான் பிரச்சினை."

ஓட்டேரியில் இருக்கும் தங்கள் ஷெட்டில் மஸ்தான் சம்படத்தைச் சூடுகாட்டும் இயந்திரத்தில் வைத்தான். வாங்கிய சரக்கை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் கைமாற்றுவது அவர்கள் வழக்கம். மஸ்தான் அதிகம் பேசாதவன். அவன் பங்குக்கும் சேர்த்து சுகிர்தா பேசிவிடுவதால் அவனுக்கு அது குறையாகப் பட்டதில்லை.

முதலில் சாம்பிராணி வந்தது. சந்தனக் கல், தைலம், பழைய துணி. "சொன்னேனா இல்லையா," என்றாள். அடுத்துப் பூஜை அறை, எண்ணெய்த் திரி, வாடிய துளசி. அடுத்துச் சமையல்கட்டு. மிளகு, நெய், புளி காய்கிற வாசனை. "ராஜா வீடு," என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு பீடி வந்தது.

சுகிர்தா இயந்திரத்தின் பக்கம் குனிந்தாள்.

பீடிக்குப் பின்னால் தலைக்குத் தேய்க்கும் நீலிபிருங்காதித் தைலம். தையல் மெஷின் எண்ணெய். ஈரச் சாக்கு. மண்ணெண்ணெய், பம்ப் ஸ்டவ்வை ஊதி அணைத்தவுடன் வருகிற மண்ணெண்ணெய். அதற்கப்புறம் சாவகாசமாக, யாருக்கும் பயப்படாமல், நெத்திலிக் கருவாடு வறுபடுகிற வாசனை வந்து ஷெட் முழுவதும் உட்கார்ந்துகொண்டது. ஓரத்தில் கொஞ்சம் கருகல்.

"போச்சுக்கா," என்றான் மஸ்தான். "ஒண்டுக் குடித்தனம். முன்கட்டுதான் சைவம். பின்னால நாலு குடும்பம் வெச்சிருக்கான்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். சுகிர்தா ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். முந்தானை வாயில் இருந்தது.

"அக்கா, பிரஷர் மாத்திரை போட்டியா?"

"மஸ்தான்," என்றாள், "இது எங்கம்மா."

புரசைவாக்கத்தில் ஏகாம்பர முதலியார் வீடு. முன்கட்டில் முதலியார் குடும்பம். பின்கட்டில் பீடி பிடிக்கும் தபால்கார ராஜமாணிக்கம், தையற்காரம்மா, ஒரு மலையாளத்துக் கம்பவுண்டர். கடைசியில், குழாயடிக்குப் பக்கத்தில், சுகிர்தாவின் அம்மா ஞானம்மாள். ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல், ஒரு கக்கூஸ், அதற்கு ஒரு வரிசை. யார் வீட்டில் என்ன குழம்பு என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாத வீடு. உலகத்தில் உள்ள வம்பு முழுவதையும் சுகிர்தா அந்தக் குழாயடியில்தான் படித்தாள். அந்த மூக்கு உருவான பட்டறையே அதுதான். அப்படிப்பட்ட மூக்கு, பிறந்து வளர்ந்த வீட்டையே ஒரு மூச்சு இழுத்துவிட்டு, 'யாரோ பெரிய மனுஷன் வீடு' என்றிருக்கிறது.

மஸ்தானுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "உன் வீடே உனக்குத் தெரியலியாக்கா? கோதண்டத்துக்குத் தெரிஞ்சா ஏலத்துக்கு ஏலம் இதையே ஓட்டுவான்."

"எப்படிடா தெரியும்? நாங்க அந்த வாசல்ல கால் வெச்சதில்ல. பக்கத்துச் சந்து வழியாத்தான் போவணும், வரணும். வாடகை குடுக்கறதுகூட ஜன்னல் வழியாத்தான். கல்யாணம் ஆயி போற வரைக்கும் அந்த வீட்டுலதான் இருந்தேன். அந்தக் கூடத்துல சாம்பிராணி போடுவாங்கன்னு இன்னிக்குத்தான் தெரியுது எனக்கு."

மஸ்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு இயந்திரத்தின் மீட்டரைப் பார்த்தான். "ஒண்ணு கவனிச்சியா? முன்கட்டு கொஞ்சம்தான். சம்படத்துல பாதிக்கு மேல கடைசிச் சுவருதான் இருக்கு. உங்க அடுப்படிச் சுவரு. அங்க ரொம்ப நேரம் ஒத்தியெடுத்திருக்காங்க."

"மெஷின்காரன் டீ குடிக்கப் போயிருப்பான்," என்றாள் சுகிர்தா.

அம்மாவின் நெத்திலி. அதில் ஒரு ஓரம் எப்போதும் கருகித்தான் இருக்கும். அதுதான் ருசி என்பது சுகிர்தாவின் தீர்மானம். கல்யாணமான நாளிலிருந்து இவளும் அம்மா நினைவாக நெத்திலியைக் கருகவிட்டே வறுத்துவந்தாள். அவள் புருஷன் தேவராஜ் ரயில்வேயில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொல்லாமல் அதைத் தின்றுவந்தார். நல்ல மனுஷன், பாவம்.

அவள் கொஞ்ச நேரம் மோந்துகொண்டிருந்துவிட்டு, தொழிலுக்குத் திரும்பினாள். "மேல் அடுக்கை மட்டும் தனியா எடுக்கலாமில்ல?"

"எடுக்கலாம். சம்படத்தைக் கவுத்து, அடியைத் திறந்து சுடணும். அடியில இருக்கறதெல்லாம் பொகையாப் போயிடும், முன்கட்டு மட்டும் ஒட்டிக்கினு நிக்கும். அந்தப் பொண்ணுக்கு அது போதும்."

"போற பொகையை இன்னொரு சம்படத்துல பிடிச்சா?"

"சுவத்துல இருந்துதான்க்கா பிடிக்க முடியும். காத்துல இருந்து பிடிக்கிற மெஷின் இன்னும் வரல. உங்க சுவரு இருந்த இடத்துல இப்ப கார் நிறுத்தறான்."

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள். செங்குன்றத்தில் அடுத்த ஏலம் அடுத்த மாதம்தான். சுகிர்தா வெண்ணிலாவைக் கூப்பிட்டு, "வேற பார்த்துக்கோம்மா, முன்பணத்தைத் திருப்பித் தந்துடறேன்" என்று சொல்லிவிடலாம். அதற்காகப் போனை எடுத்தாள். எதிர்ப்பக்கம் பஸ் இரைச்சலும் குழந்தை அழுகையும் கேட்டன. "சொல்லுங்கக்கா, சனிக்கிழமை டியூட்டிய மாத்தி வாங்கிட்டேன்க்கா, மத்தியானமே வந்துடறேன்" என்றாள் வெண்ணிலா. "சும்மாதான் கூப்பிட்டேன். கொழந்தைக்குச் சளி இருக்கறாப்பல இருக்கே, குரல் கட்டியிருக்கு பாரு" என்று எதையோ சொல்லிவிட்டு சுகிர்தா வைத்துவிட்டாள்.

சம்படம் யார் பெயரில் இருந்தது என்று கிடங்கில் சொல்ல மாட்டார்கள், சட்டமாம். சுகிர்தா சட்டத்தோடு சண்டைக்குப் போகவில்லை. தபால்கார ராஜமாணிக்கத்தின் மருமகளைக் கூப்பிட்டாள். அவள் தையற்காரம்மாவின் பேரனின் நம்பரைக் கொடுத்தாள். அவன் ஒரு கல்யாணத்தில் முதலியார் வீட்டு அம்மாவைப் பார்த்ததாகச் சொல்லி, அந்தக் கல்யாண வீட்டு நம்பரைக் கொடுத்தான். மஸ்தான் வாங்கிவந்த டீ ஆறுவதற்குள் முதலியாரின் ஒரே மகள் திலகவதி லைனில் இருந்தாள். ஓசூரில் மகனோடு இருக்கிறாளாம். சுகிர்தாவைவிட ஏழெட்டு வயது மூத்தவள். பாவாடை தாவணியில் மாடி ஜன்னலில் நின்றுகொண்டு, குழாயடிச் சண்டைகளை மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். கீழே இறங்கி வந்ததாக சுகிர்தாவுக்கு ஞாபகமே இல்லை.

"சுகியா? குழாயடிச் சுகியா?" என்றாள் திலகவதி. "இப்பவும் பேசிக்கிட்டேதான் இருக்கியா?"

"நிறுத்தச் சொல்ல ஆள் இல்லியேக்கா," என்றாள் சுகிர்தா. ஏலத்தைப் பற்றிச் சொன்னாள். "ஏன்க்கா விட்டுட்டீங்க? வாடகை கட்ட முடியலியா? எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கட்டியிருப்பேனே."

"அதெல்லாம் இல்லடி. மூணு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போச்சு, கூடவே வாசனையும் போச்சு. மல்லிப்பூவும் ஒண்ணுதான், பினாயிலும் ஒண்ணுதான் எனக்கு. மோந்து பார்க்க முடியாத டப்பாவுக்கு எதுக்கு வாடகை? பையன் கட்டறேன்னான், நான்தான் வேண்டாம்னுட்டேன்."

சுகிர்தா வெண்ணிலாவைப் பற்றியும், முன்கட்டைக் காப்பாற்றினால் பின்கட்டு எரிந்துபோகும் என்பதையும் சொன்னாள். "எனக்கு மனசு வரலக்கா. எங்கம்மா இருக்குது அதுல."

பின்னால் ஓசூர் வீட்டில் குக்கர் விசில் அடித்தது.

"அந்தப் பொண்ணுக்குக் குடுத்துடு," என்றாள் திலகவதி. "அந்தக் கூடத்துல உங்க யாரையும் ஒரு நாள் உட்கார வெச்சதில்ல எங்கப்பா. அதை வெச்சு அவளாவது ஒரு வீட்டுக்குள்ள போகட்டும். ஆனா சுடும்போது நான் லைன்ல இருக்கணும். எனக்குத்தான் மூக்கு இல்ல. உனக்கு இருக்கு, வாயும் இருக்கு. ஒண்ணு விடாம சொல்லணும்."

சனிக்கிழமை மத்தியானம் வெண்ணிலா யூனிபார்மோடு வந்துவிட்டாள். அவளை ஒரு ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். மஸ்தான் சம்படத்தைக் கவிழ்த்து அடியைத் திறந்தான். சுகிர்தா போனை ஸ்பீக்கரில் போட்டு, இயந்திரத்தின் பக்கத்தில் ஏதோ திலகவதியே வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்பதுபோல ஒரு தலையணைமேல் வைத்தாள்.

"ஆரம்பிக்கவாக்கா?" என்றான் மஸ்தான். சுகிர்தா தலையாட்டினாள். போனில் தலையாட்டல் தெரியாது என்று நினைவு வந்து, "ம், ஆரம்பிச்சாச்சு" என்றாள்.

கவிழ்த்துச் சுட்டதால் வாசனை கடைசியிலிருந்து வந்தது. சந்து வழியாக வீட்டுக்குள் நுழைகிற மாதிரி.

"துவைக்கிற கல்லுக்கா. பாசி. பார் சோப்பு, அந்த மஞ்சக் கலரு. கக்கூஸ் பினாயில், இன்னிக்கு யாரோ நெறைய ஊத்தியிருக்காங்க. கொய்யா மரம் வருது, எலையைக் கசக்கின மாதிரி."

"அந்த எலை நான்தான்," என்றது போன்.

"என்னாது?"

"மேல சொல்லு, வந்துட்டே இருக்குமில்ல."

"மண்ணெண்ணெய்... ஸ்டவ்வு. எங்க அடுப்படிக்கு வந்தாச்சுக்கா. எண்ணெய் காயுது. நெத்திலி..." சுகிர்தா இயந்திரத்துக்கு இன்னும் கிட்டே போனாள். "நெத்திலியைப் போட்டாச்சு. எங்கம்மா கருகல் வருதுக்கா. ஓரத்துல லேசா கருகவிடும் பாருங்க, அது."

"ஞானக்கா ஒரு நாளும் கருகவிட்டதில்லடி," என்றாள் திலகவதி. "அது நான்."

மஸ்தான் நிமிர்ந்து பார்த்தான். சுகிர்தா போனைப் பார்த்தாள், அதற்கு முகம் இருப்பதுபோல.

"நீ ஸ்கூலுக்குப் போனதும், அப்பா தூங்கினதும், சந்து வழியா வந்துடுவேன். மொத நாள் தண்ணி கேக்கற சாக்குல வந்தேன். உங்கம்மா ஒரு துண்டு நெத்திலி குடுத்தாங்க. அப்புறம் தினம். எனக்கே வறுக்கணும்னு ஆசை, அடம் பிடிப்பேன். வாணலி வெச்சதுமே அவசரப்படுவேன், எண்ணெய் காயறதுக்குள்ள போட்டுட்டு, அப்புறம் தீயைக் கூட்டி, கருக்கி வைப்பேன். உங்கம்மா ஒரு வார்த்தை திட்டினதில்ல. மிச்சத்தை உனக்கு எடுத்து வைப்பாங்க. போறப்ப கொய்யா இலையை மென்னுட்டு மாடி ஏறுவேன், அப்பா வாயை ஊதச் சொல்லுவாருன்னு பயம்."

"கொய்யா மரத்துல கீழ் எலையெல்லாம் காணாமப் போவுதுன்னு நான்தான் மொதல்ல கண்டுபிடிச்சேன்," என்றாள் சுகிர்தா மெல்ல. "தையக்காரம்மாவுக்குச் சர்க்கரை வியாதி, அதான் எலை பறிச்சுத் தின்னுதுன்னு தெரு பூரா சொல்லிட்டேன்."

"தெரியும். அதைக் கேட்டு உங்கம்மாவும் நானும் சிரிச்சு உருண்டோம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல எங்கம்மா?"

"நான் சொல்லட்டுமான்னு கேட்டேன். 'சுகிகிட்ட மட்டும் சொல்லிடாத கண்ணு, சாயங்காலத்துக்குள்ள அயனாவரத்துக்குப் போயிடும்'னாங்க."

வெண்ணிலா வாயைப் பொத்திக்கொண்டாள். மஸ்தான் பொத்திக்கொள்ளவில்லை. சுகிர்தாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அந்த வீட்டில் பறந்த ஈயின் பெயர்கூடத் தனக்குத் தெரியும் என்று இருந்தவள். கல்யாணமான நாளிலிருந்து யாரோ ஒரு வீட்டுக்காரர் மகளின் கைப்பிசகைப் புருஷனுக்கு ஊட்டியிருக்கிறாள். ஆனால் கோபம் வரவில்லை. வாயைக் கட்டத் தெரியாத மகளை வைத்துக்கொண்டு, அம்மா அத்தனை மத்தியானமும் ஒரு ரகசியத்தைக் கட்டிக் காத்திருக்கிறாள் என்பதுதான் தோன்றியது. அம்மாவுக்கு ஒரு சிநேகிதி இருந்திருக்கிறாள். சுகிர்தாவுக்குத் தெரிந்த அம்மா சிரித்து உருளுகிறவள் இல்லை.

"மெஷின்காரன் வாசல்லருந்துதான் ஆரம்பிப்பேன்னான், அதான் முன்கட்டும் வந்தது," என்றாள் திலகவதி. "எனக்கு வேணும்னு இருந்தது அந்தச் சுவருதான். அவன் கிளம்பறேன் கிளம்பறேன்னான். இன்னும் கொஞ்சம் எடுப்பா, இன்னும் கொஞ்சம்னு நிறுத்தி வெச்சேன். இன்னும் வருதா சுகி?"

"வருதுக்கா. நல்லா வருது."

ஷெட் முழுவதும் நெத்திலி நிறைந்திருந்தது. வெண்ணிலா ஸ்டூலை இயந்திரத்துக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள். "இதை விட்டுட்டு அந்தச் சாம்பிராணியை எடுத்துக்கினு போவணுமாக்கா?" என்றாள் சன்னமாக. "எங்க வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கு." அவள் கண்ணை மூடிக்கொண்டு, போகிறதில் தன் பங்கை இழுத்துக்கொண்டாள்.

பிறகு நெத்திலி மெலிந்தது. தையல் மெஷின் எண்ணெய் வந்தது, பீடி வந்தது, அதுவும் போனது. சுகிர்தா ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். கம்பவுண்டர் தலையில் தைலம் வைத்துக்கொண்டு யாரைப் பார்க்கப் போவார், ராஜமாணிக்கம் பெண்டாட்டிக்குத் தெரியாமல் பீடிக்கட்டை எங்கே ஒளிப்பார் என்பதெல்லாம் வாசனையோடு சேர்ந்தே வந்தன. திலகவதி சிரித்தாள், "அப்படியா" என்றாள், "பாவி" என்றாள்.

மஸ்தான் இயந்திரத்தை நிறுத்தினான். முன்கட்டு மட்டும் தங்கிய சம்படத்தை நிமிர்த்தி மூடி, துணியில் துடைத்து, வெண்ணிலாவின் மடியில் வைத்தான். அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்திருக்காமலே உட்கார்ந்திருந்தாள். முடிந்துவிட்டது என்று மஸ்தான் சுகிர்தாவைப் பார்த்துக் கையை விரித்தான். ஷெட்டில் சூடான இரும்பின் வாசனையைத் தவிர வேறெதுவும் இல்லை.

"அப்புறம்?" என்றாள் திலகவதி.

சுகிர்தா மஸ்தானைப் பார்த்தாள். பிறகு தலையணையிலிருந்த போனின் பக்கம் குனிந்து, ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள்.

"அப்புறம் என்ன, மறுபடியும் மத்தியானம்தான். நான் ஸ்கூலுக்குப் போயாச்சு. உங்கப்பா தூங்கறாரு. எங்கம்மா ஸ்டவ்வுக்குக் காத்தடிக்குது, மண்ணெண்ணெய் வருது. நீங்க வாணலி பக்கத்துல நிக்கறீங்க. இன்னும் எண்ணெய் காயலக்கா. கொஞ்சம் பொறுங்க."